ஃபேன்டஸி நாட்டில் சோறு பொங்குவது யார்? ஏற்றத்தாழ்வும் வேலைநிறுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

(பல கதைகளின் முடிவைப் போட்டு உடைத்திருக்கிறேன். தெரிந்துகொள்ள விருப்பமில்லாதவர்கள் அந்தந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.)

டிராகனும் மந்திரவாதியும் வரும் கதைக்கும் ஏழை பணக்காரன் பிரச்சினைக்கும் என்ன சம்பந்தம்?

நிஜ ஊரில் நடக்கும் நாவலை எழுதுகிறவருக்கு அந்த ஊரின் கூலி, வாடகை, வரி எல்லாம் கண்முன்னே இருக்கிறது, எடுத்துக்கொண்டால் போதும். ஃபேன்டஸி எழுதுகிறவர் ஒரு நாட்டையே அடியிலிருந்து கட்டுகிறார். அங்கே யார் உழுகிறார்கள், யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், மந்திர சக்தி யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்று எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்தாக வேண்டும். யோசிக்காமல் விட்டால் அதுவும் ஒரு முடிவுதான்.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லனின் நாடான மோர்டோர் முழுக்கச் சாம்பலும் பாறையும், புல் முளைக்காத பூமி. அங்கே லட்சக்கணக்கில் படை நிற்கிறது. அத்தனை பேருக்கும் சாப்பாடு? டோல்கீன் இதை யோசித்திருக்கிறார். தெற்கே நூர்னென் என்ற ஏரிக்கரையில் அடிமைகள் உழுகிற பெரிய வயல்கள் இருக்கின்றன என்று போகிற போக்கில் சொல்கிறார். போர் முடிந்ததும் புது ராஜா அரகோர்ன் அந்த அடிமைகளை விடுவித்து, ஏரியைச் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறான். நிலச்சீர்திருத்தம்! ஆனால் அதற்குக் கிடைத்த இடம் ஒரே வாக்கியம். அந்த வயல்களில் வேலை செய்த ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. நான் ஃபேன்டஸி படிக்கும்போது முதலில் தேடுவது இந்த ஆட்களைத்தான். அவர்கள் கதைக்குள் வருகிறார்களா, வந்தால் பேசுகிறார்களா, ஒருநாள் வேலையை நிறுத்தினால் அந்த உலகம் என்ன ஆகும்?

படித்தோமா ரசித்தோமா என்று இல்லாமல் அரசியலை வலிந்து திணிக்கிறீர்களோ?

இந்த வகைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் வில்லியம் மோரிஸ். முழுக்கக் கற்பனையான உலகத்தில் நெடுங்கதை எழுதும் வழக்கத்தை 1890களில் தொடங்கிவைத்தவர், டோல்கீனே இவரிடம் கற்றுக்கொண்டவர்தான். அந்த மோரிஸ் 1884இல் லண்டனில் சோஷலிஸ்ட் லீக் தொடங்கியவர்களில் ஒருவர், தெருமுனைக் கூட்டங்களில் பேசியவர். 1381ஆம் ஆண்டு இங்கிலாந்து விவசாயிகள் கிளர்ச்சிக்குள் கனவில் போய் விழும் ஒருவனின் கதையை, கட்சிப் பத்திரிகையிலேயே தொடராக எழுதினார். திணிப்பு என்றால் பிறந்தபோதே திணித்தாகிவிட்டது, நம் கையில் ஒன்றுமில்லை.

'பூட்ஸ் கணக்கு' என்று இணையத்தில் அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

டெர்ரி பிராட்செட் 1993இல் எழுதிய 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் சாம் வைம்ஸ் என்று ஒரு காவல்படைத் தலைவர் வருவார். மாதச் சம்பளம் 38 டாலர், கொஞ்சம் படி. நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர். அவரால் வாங்க முடிவது 10 டாலர் பூட்ஸ், அதன் அட்டை அடிப்பாகம் ஒன்றிரண்டு பருவத்தில் கிழிந்துவிடும். 50 டாலர் பூட்ஸ் வாங்கியவனுக்குப் பத்து வருடம் கழித்தும் கால் நனையாது. ஏழையோ அதே பத்து வருடத்தில் 100 டாலர் செலவழித்திருப்பான், கால் அப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். பணக்காரர்கள் பணக்காரர்களாக இருப்பதற்குக் காரணம் அவர்கள் குறைவாகச் செலவழிப்பதுதான் என்று முடிக்கிறார் வைம்ஸ். இதில் எனக்குப் பிடித்தது வேறொரு நுணுக்கம். இருட்டில் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதைத் தேய்ந்த பூட்ஸ் வழியாகக் காலில் குத்தும் கல்லை வைத்தே அவரால் சொல்லிவிட முடியும். வறுமையே ஒரு தொழில் திறமையாகிவிட்டது!

இந்தக் கணக்கு நாவலோடு நிற்கவில்லை. 2022 ஜனவரியில் பிரிட்டனில் விலைவாசி ஏறியபோது, மலிவுச் சமையல் பற்றி எழுதும் ஜாக் மன்றோ, சராசரிப் பணவீக்கத்தைச் சொல்கிறீர்களே, கடையில் இருப்பதிலேயே மலிவான அரிசியும் பாஸ்தாவும் எவ்வளவு ஏறின என்று யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். அதைக் கணக்கெடுக்கத் தான் தொடங்கும் விலைக் குறியீட்டுக்கு 'வைம்ஸ் பூட்ஸ் குறியீடு' என்று பெயர் வைக்கப் பிராட்செட் குடும்பத் தரப்பும் சம்மதித்தது. அந்த மே மாதம் பிரிட்டன் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 30 மலிவுப் பொருட்களின் விலையைத் தனியாக ஆராய்ந்து வெளியிட்டது. மொத்தமாகப் பார்த்தால் மற்ற உணவுப் பொருட்களைப் போலவே 6, 7 சதவீதம்தான் ஏற்றம், ஆனால் பாஸ்தா மட்டும் 50 சதவீதம், அரிசி 15, உருளைக்கிழங்கு உண்மையில் இறங்கியிருந்தது. ஆக நாவலில் உள்ள அளவுக்கு நிஜம் கச்சிதமாக வரவில்லை. ஆனாலும் ஓர் அரசு அலுவலகம் கணக்கெடுக்கும் முறையைப் பற்றி யோசிக்கக் கற்பனை நகரத்து போலீஸ்காரர் ஒருவரும் காரணமானார்.

ஹாரி பாட்டரில் ஹெர்மயோனி தொடங்கிய சங்கம் ஏன் உருப்படவில்லை?

என்னிடம் கேட்டால் மொத்த ஹாரி பாட்டரிலும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இதுதான். திரைப்படங்களில் இதை அப்படியே வெட்டிவிட்டதால் பலருக்குத் தெரியாது.

நான்காவது நாவலில், பள்ளி விருந்து நடுவில், இந்தச் சாப்பாட்டைச் செய்தது நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டு எல்ஃப்கள் (எஜமானர் வீட்டுக்கு அடிமை வேலை செய்யும் குட்டி உயிரினங்கள்) என்று ஹெர்மயோனிக்குத் தெரியவருகிறது. சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை. தட்டைத் தள்ளிவிடுகிறாள். (மறுநாள் காலை சாப்பிட ஆரம்பித்துவிடுவாள், அது வேறு கதை.) உடனே ஒரு சங்கம், இரண்டு சிக்கிள் (அந்த உலகத்து வெள்ளிக்காசு) விலையில் பேட்ஜ், ஹாரி செயலாளர், ரான் பொருளாளர். கோரிக்கைகளும் எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு வேலை பாக்கி. எல்ஃப் எவரையும் அவள் உறுப்பினராகச் சேர்க்கவில்லை, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எதையும் எழுதவும் இல்லை.

அடுத்த நாவலில் இன்னும் மோசம். எஜமானர் துணி கொடுத்தால் எல்ஃபுக்கு விடுதலை என்பது அந்த உலகத்தின் விதி. அதனால் ஹெர்மயோனி கம்பளித் தொப்பி பின்னிக் குப்பைக்கு அடியில் மறைத்துவைக்கிறாள், சுத்தம் செய்ய வரும் எல்ஃப் தெரியாமல் தொட்டால் விடுதலையாகிவிடும் என்று கணக்கு. எல்ஃப்களுக்கு இது அவமானமாகப் படுகிறது, அவள் தங்கும் கோபுரத்தைச் சுத்தம் செய்யவே வர மறுக்கிறார்கள். அவர்களின் வேலை முழுவதும் ஏற்கெனவே விடுதலையான டாபி என்ற எல்ஃப் ஒருவன் தலையில் விழுகிறது, தொப்பிகளையும் அவனே எடுத்துக்கொள்கிறான். இது எதுவும் அவளுக்குத் தெரியாது. கவனியுங்கள், அந்தப் பள்ளியில் நடந்த உண்மையான வேலைப் புறக்கணிப்பு இதுதான், அதுவும் அவளுடைய சீர்திருத்தத்துக்கு எதிராக.

டாபியின் சம்பளப் பேச்சுவார்த்தையும் உண்டு. தலைமையாசிரியர் டம்பிள்டோர் வாரத்துக்கு 10 கேலியன் (தங்கக்காசு), சனி ஞாயிறு லீவு தருகிறேன் என்கிறார். டாபி பேரம் பேசி அதைக் குறைக்கிறான்! வாரம் ஒரு கேலியன், மாதம் ஒருநாள் லீவு. சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார் ரௌலிங். ஆனால் 'அவர்களுக்கு அதுதான் பிடிக்கும், விட்டால் ஒடிந்துபோவார்கள்' என்பது அடிமை முறை இருந்த ஒவ்வொரு இடத்திலும் எஜமானர்கள் சொன்ன வாதம். கதை அதைக் கேள்வி கேட்பது போலத் தொடங்கிப் பாதியில் நகைச்சுவையாக விட்டுவிடுகிறது. கடைசி நாவலில் எல்ஃப்கள் சமையலறைக் கத்திகளோடு திரண்டு போருக்கு வருகிறார்கள், பார்க்கவே பிரமாதமாக இருக்கும், ஆனால் முன்னால் வரும், ஹாரிக்குச் சொந்தமான எல்ஃப் கிரீச்சர் எழுப்பும் கோஷம் 'என் எஜமானருக்காகப் போராடுங்கள்'. போர் முடிந்து களைத்துப்போன ஹாரி, படுக்கைக்குக் கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவருவானா என்று நினைக்கிறான். பின்னுரைக்கு முந்தைய அத்தியாயம் கிட்டத்தட்ட அதோடு முடிகிறது.

பிறப்பால் வரும் மந்திர சக்தி என்பது சாதி மாதிரியா?

பெரும்பாலான கதைகளில் ஆமாம், ரத்தத்தில் சக்தி இருப்பவர் மேலே, இல்லாதவர் கீழே. என்.கே. ஜெமிசின் 2015இல் தொடங்கிய 'புரோக்கன் எர்த்' மூன்று நாவல்களில் இதைத் தலைகீழாகத் திருப்புகிறார். மூன்றுக்கும் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது வாங்கினார், அதற்குமுன் எவரும் அப்படி வாங்கியதில்லை. அங்கே நிலநடுக்கத்தை அடக்கும் சக்தியோடு பிறப்பவர்களை ஊரே வெறுக்கிறது, ஆனால் அவர்கள் இல்லாமல் ஊரே கிடையாது. நெடுஞ்சாலை ஓரம் சிறு நிலையங்கள் இருக்கும், நில அதிர்வை அடக்க அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார் என்று முதலில் சாதாரணமாக வரும். பிறகு ஒரு நிலையத்தின் கதவைத் திறந்து காட்டுகிறார். உள்ளே ஒரு சிறுவன், மூளையைச் சிதைத்து, நாற்காலியில் கட்டி, குழாய் வழியாக உணவு கொடுத்து, அனிச்சையாக வேலை செய்ய மட்டும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்குப் பிறகு அந்த நாட்டின் நல்ல சாலைகளை முன்பு போலப் பார்க்க முடியாது.

போதாக்குறைக்கு மற்ற மக்களுக்கும் வேலைவாரியாக ஒரு பிரிவு உண்டு, அது அவரவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். பஞ்சம் வந்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது உடலுழைப்புப் பிரிவு. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓர்க் என்ற அரக்க இனமே கெட்டது என்று எழுதுவது தப்பா?

சோம்பேறித்தனம். 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிடும் நிறுவனமே 2020இல் ஓர்க், டிரோ (கரிய எல்ஃப்) பற்றிய வர்ணனைகளை மாற்றப்போவதாக அறிவித்தது. 2022இல் 'இனம்' என்ற சொல்லையே விட்டுவிடப்போவதாகச் சொன்னது.

ஏன் எல்லாக் கதையிலும் நல்ல ராஜா வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது?

எழுதச் சுலபம், அதனால்தான். பத்தாயிரம் பேர் கூட்டம் போட்டு, சண்டை போட்டு, ஓட்டெடுத்து, பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய், மிச்சப் பேர் ஒன்றாக நிற்பதை எழுதுவது கஷ்டம். தீர்க்கதரிசனத்தில் பெயர் வந்த ஒரு பையன் வாளை உருவினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நம் ராஜா ராணி படங்களும் இதே அச்சுதான். 1958இல் எம்.ஜி.ஆர். நடித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' படத்தில், அரண்மனைக்கு வெளியே நின்று அநியாயத்தைக் கேள்வி கேட்ட வீராங்கன் அதிர்ஷ்டவசமாக ராஜாவைப் போலவே முகம் உள்ளவன். சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் ஏழைகளுக்குச் சாதகமான சட்டங்களை வரிசையாக அறிவிப்பான். கைத்தட்டல் அள்ளும் காட்சி. முகம் ஒத்துப்போகாத மற்ற நாடோடிகள் என்ன செய்வது என்ற கேள்விக்குப் படத்தில் இடமில்லை.

உர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய ஓமெலாஸ் சிறுகதையில் வேறு மாதிரி முட்டுச்சந்து. ஒரு நகரமே சந்தோஷமாக இருக்க, ஒரே ஒரு குழந்தை நிலவறையில் அழுக்கில் கிடக்க வேண்டும். சிலர் தாங்க முடியாமல் நகரத்தை விட்டுப் போகிறார்கள், ஒவ்வொருவராக, தனித்தனியாக. குழந்தை அங்கேயே இருக்கிறது. அது அபாரமான கதை, ஆனால் போகிறவர்கள் இரண்டு பேராவது வாசலில் நின்று பேசியிருக்கலாமே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். ஜெமிசினுக்கும் உறுத்தியிருக்கிறது, நின்று போராடுகிறவர்களைப் பற்றி ஒரு பதில் கதையே எழுதினார்.

சரி, நிஜமான வேலைநிறுத்தம் வரும் கதை இருக்கிறதா?

இருக்கிறது. சைனா மியேவில் எழுதிய 'பெர்டிடோ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்' (2000). தண்ணீரைக் களிமண் போலப் பிசையத் தெரிந்த வொடியனோய் என்ற இனத்தார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார்கள். ஸ்ட்ரைக் அறிவித்ததும் தங்கள் மந்திரத்தால் ஆற்றின் குறுக்கே காற்றாலேயே ஒரு பள்ளம் வெட்டுகிறார்கள். ஒரு கப்பலும் தாண்ட முடியாது, வியாபாரம் நின்றது. மந்திரத்தை இப்படி மறியலுக்குப் பயன்படுத்திய காட்சி வேறெங்கும் நான் படித்ததில்லை. அரசு படையை அனுப்பி நசுக்குகிறது, மியேவில் அதையும் மறைக்கவில்லை. 2004இல் வந்த 'அயர்ன் கவுன்சில்' நாவலில் ரயில் பாதை போடும் தொழிலாளர்கள் சம்பளம் வராததால் ரயிலையே கைப்பற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள், பின்னால் இருக்கும் தண்டவாளத்தைக் கழற்றி முன்னால் போட்டுக்கொண்டே. அதில் முதலில் வேலையை நிறுத்துவது ஆண்கள் இல்லை, முகாமில் இருக்கும் பாலியல் தொழிலாளிகள், பணம் வந்தால்தான் என்று சொல்லிவிடுகிறார்கள். மியேவில் 2001 பிரிட்டன் தேர்தலில் சோஷலிஸ்ட் அலையன்ஸ் வேட்பாளராக நின்றவர், கிடைத்தது 459 ஓட்டு. தோற்ற அனுபவம் எழுத்தில் தெரிகிறது என்று சொன்னால் கோபிப்பாரோ என்னவோ.

அடுத்தது ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' (2022). 1830களின் ஆக்ஸ்ஃபோர்ட். வெள்ளிக் கட்டியில் இரண்டு மொழிச் சொற்களைப் பொறித்தால், மொழிபெயர்ப்பில் தவறிப்போகும் அர்த்தம் சக்தியாக மாறும். பிரிட்டனின் கப்பல், தறி, பாலம் எல்லாம் இதில்தான் ஓடுகிறது. அந்த மொழிகளைக் கொண்டுவரக் கான்டன், கல்கத்தா, ஹெய்டி என்று தூரதேசங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து படிக்கவைக்கிறார்கள். சீனாவின் மேல் அபினிப் போர் தொடுக்கத் தங்கள் வேலையே உதவுகிறது என்று தெரிந்ததும் அவர்களில் சிலர் மொழிபெயர்ப்பு வேலை நடக்கும் 'பேபல்' கோபுரத்தைப் பிடித்து வேலையை நிறுத்துகிறார்கள். குண்டு போடவில்லை, பராமரிப்பைத்தான் நிறுத்தினார்கள். சிறுசிறு இடைஞ்சல்களில் தொடங்கி நாடு தானாக நின்றுபோக ஆரம்பிக்கிறது, வெஸ்ட்மின்ஸ்டர் பாலமே இடிந்து விழுகிறது.

இதில் நான் நிறுத்தி நிறுத்திப் படித்த இடம் வேறு. வெள்ளித் தறியால் வேலை போன ஆலைத் தொழிலாளர்கள் நாவலின் முற்பகுதியில் கோபுரத்து வாசலில் கத்திக்கொண்டு நிற்பார்கள். மாணவர்கள் அவர்களைப் பார்த்துப் பயந்து விலகிப் போவார்கள். கோபுரம் முற்றுகையில் இருக்கும்போது ஆக்ஸ்ஃபோர்ட் தெருக்களில் தடுப்பரண் கட்டிப் படையைத் தடுப்பது அதே ஆட்கள்தான். தடுப்பரண் எப்படிக் கட்டுவது என்று படித்த பிள்ளைகளுக்குத் தெரியாது, இவர்களுக்குத் தெரியும். நாவலில் குறை இல்லாமல் இல்லை. பிரசங்கம் அதிகம், நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்று ஆசிரியர் அடிக்குறிப்பில் வந்து வந்து விளக்குவார்.

ஒரு வேடிக்கை. இது அமெரிக்காவில் ஹார்ப்பர்காலின்ஸ் குழுமத்தின் வெளியீடாக 2022 ஆகஸ்டில் வந்தது. அதே நவம்பர் 10ஆம் தேதி அந்த நிறுவனத்தின் சுமார் 250 சங்க ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 45,000 டாலர், நியூயார்க்கில் அதை வைத்து வாழ முடியாது, 50,000 ஆக்குங்கள் என்பது முக்கியக் கோரிக்கை. குளிர்காலம் முழுக்கத் தெருவில் நின்று, 2023 பிப்ரவரியில் ஒப்பந்தம் வந்தது. உடனே 47,500, 2025க்குள் 50,000.

டோல்கீன் பழமைவாதிதானே, அவரிடம் போராட்டம் எதிர்பார்க்கலாமா?

பழமைவாதிதான், ஆனால் வில்லனின் மந்திர மோதிரம் அழிந்த பிறகு வரும் அத்தியாயத்தைப் பாருங்கள். கதாநாயகர்களான நான்கு ஹாபிட்கள் (குள்ளமான கிராமத்து மக்கள்) ஊர் திரும்பினால், ரவுடிகள் ஊரைப் பிடித்து, விளைச்சலை 'பகிர்ந்து கொடுக்கிறோம்' என்று அள்ளிக்கொண்டு போகிறார்கள், சாராயக்கடை மூடல், சுவர் முழுக்க விதிமுறைகள். ராஜாவும் வரவில்லை, மந்திரவாதியும் வரவில்லை. நால்வரில் ஒருவனான மெர்ரி கொம்பு ஊதுகிறான், குடியானவர்கள் கோடாலியும் வைக்கோல் கவையுமாக வருகிறார்கள். பைவாட்டர் சண்டையில் 19 ஹாபிட்கள் செத்துப்போகிறார்கள், அத்தனை பேர் பெயரையும் எழுதிவைக்கிறார்கள். நூர்னென் அடிமைகளுக்குக் கிடைக்காத பெயர்ப்பட்டியல். 2003இல் வந்த திரைப்படம் இந்த அத்தியாயத்தையே விட்டுவிட்டது.

அதே படக்குழு நியூசிலாந்தில் 'ஹாபிட்' எடுக்கப் போனபோது நடந்தது இன்னும் சுவாரசியம். 2010இல் நடிகர் சங்கம் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்ச நிபந்தனைகள் பேச வேண்டும் என்றது. உலக நடிகர் சங்கக் கூட்டமைப்பும் அதுவரை அந்தப் படத்தில் நடிக்காதீர்கள் என்றது. படப்பிடிப்பை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பேச்சு கிளம்ப, ஊர் மக்கள் சங்கத்துக்கு எதிராகவே ஊர்வலம் போனார்கள். ஸ்டுடியோ அதிகாரிகள் விமானத்தில் வந்து பிரதமரைப் பார்த்தார்கள். அக்டோபர் மாதமே நாடாளுமன்றத்தில் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேறியது, திரைப்பட வேலையில் இருப்பவர்கள் பொதுவாக ஊழியர்கள் ஆகமாட்டார்கள், தனி ஒப்பந்தக்காரர்கள் என்று. கூடுதல் சலுகைப் பணம் வேறு. அந்தச் சட்டத்துக்கு 'ஹாபிட் சட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூட்டாகப் பேரம் பேசும் உரிமை திரும்ப வர 2022 ஆனது.

படித்துவிட்டு யாராவது உண்மையில் தெருவில் இறங்கியிருக்கிறார்களா?

தாய்லாந்தில். 2014 மே ராணுவப் புரட்சிக்குப் பிறகு கூட்டம் கூடத் தடை, கோஷம் போடத் தடை. மக்கள் 'ஹங்கர் கேம்ஸ்' கதையின் மூன்று விரல் வணக்கத்தைத் தூக்கினார்கள். (அது எதிர்காலக் கதை, ஃபேன்டஸி இல்லை என்று சண்டைக்கு வராதீர்கள்.) அந்த நவம்பரில் கோன்கேன் நகரில் ராணுவத் தலைவர் பிரயுத் பேசிக்கொண்டிருந்தபோது 5 மாணவர்கள் எதிரில் போய் விரல் காட்டிக் கைதானார்கள். 2020 ஆகஸ்ட் 3ஆம் தேதி பாங்காக்கில் ஹாரி பாட்டர் வேடத்திலேயே ஒரு கூட்டம். 'பெயர் சொல்லக்கூடாதவன்' என்ற அந்தக் கதை வில்லனைப் பற்றிப் பேசுகிறோம் என்ற சாக்கில், அந்த நாட்டில் வாய்திறக்கவே முடியாத மன்னராட்சிச் சீர்திருத்தத்தை மேடையில் பேசினார் வழக்கறிஞர் ஆனோன் நம்பா. பின்னர் அரச அவமதிப்புச் சட்டத்தில் சிறைக்குப் போனார். 2021 பிப்ரவரியில் அதே மூன்று விரல், ராணுவம் ஆட்சியைப் பிடித்த மியான்மருக்குப் போய், ஐ.நா. சபையில் அந்நாட்டுத் தூதர் கியா மோ துன் கையிலும் உயர்ந்தது.

கதை போராட்டத்தை உண்டாக்கியது என்று நான் சொல்லமாட்டேன், கோபம் ஏற்கெனவே இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த, தடை செய்தால் தடை செய்தவனே கேலிக்கு ஆளாகும் ஒரு சைகை கிடைத்தது, அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் இல்லை.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

சிரித்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் பிராட்செட்டின் 'ஃபீட் ஆஃப் கிளே' (1996). களிமண் ஆட்கள், தூக்கமில்லாத உழைப்பு. ஒருவனை விலைக்கு வாங்கி, அந்த ரசீதை அவன் தலைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள், இப்போது அவன் அவனுக்கே சொந்தம். அடுத்து என்ன செய்வாய் என்றால், காவல்படையில் சேர்ந்து சம்பளம் சேர்த்து இன்னொருவனை வாங்கி விடுவிப்பேன் என்கிறான். பொறுமை உள்ளவர்களுக்கு 'பேபல்'. மியேவில் மூன்றாவதாக வரட்டும், முதல் நூறு பக்கம் நகரத்துச் சாக்கடையை வர்ணிப்பதிலேயே போய்விடும், தாண்டிவிட்டால் துறைமுகம் வரும்.